ஏரி இருக்கும்... எல்லை இருக்குமா?

ரெட்டிபாளையம் பக்கம் போனால் முதலில் கண்ணில் படுவது சிமென்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும்தான். அதே அரியலூர் மாவட்டத்தில்தான் கரைவெட்டி பறவைகள் சரணாலயமும் இருக்கிறது. 2024-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த ஏரி. ‘சரணாலயம்னு அறிவிச்சாச்சு, இனி யார் தொடப்போறாங்க?’ என்று நினைக்கிறீர்களா? வேடந்தாங்கல் கதையைக் கேளுங்கள்.

அங்கே ஏரி மட்டுமல்ல, 1998 அறிவிப்பின்படி சுற்றியுள்ள 5 கிலோமீட்டரும் சரணாலயம்தான். 2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்க வனத்துறையே முன்மொழிந்தது. விடுபடும் வளையத்துக்குள் ஒரு பெரிய மருந்து ஆலை. அது விரிவாக்கத்துக்கும் அனுமதி கேட்டிருந்தது. எதிர்ப்பு வெடித்தது.

‘ஏரியைத்தான் தொடவில்லையே’ என்று கேட்கலாம். ஆனால், பறவை கூடு கட்டுவதுதான் ஏரியில். குஞ்சுக்கு இரை தேடுவது சுற்றியுள்ள வயலிலும் குளத்திலும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் விவசாயிகளுக்கு உரம்.

வேலியைப் பிரித்தால் ஊருக்கே தெரியும். வரைபடத்தில் கோட்டை நகர்த்தினால்? தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் சரணாலய எல்லையை மாற்றக் கூடாது என்கிறது சட்டம். அந்த எல்லை எதுவரை என்று நமக்குத் தெரிந்திருந்தால்தானே தட்டிக்கேட்க முடியும்? அடுத்த கிராம சபையில் அதைக் கேளுங்கள்.