பூட்டுக்கு அடங்காத சூது

பூட்டுக்குப் பெயர்பெற்றது திண்டுக்கல். எனினும் கைப்பேசிவழி வீடு புகும் சூதை எப்பூட்டுத் தடுக்கும்? வரம்பிலாப் பணயப் 'போக்கர்' சீட்டாட்டத்தில் கைப்பொருள் முழுமையும் ஒரே வீச்சில் வைத்திழக்கலாம். பட்டறையில் அரந்தேய்த்து ஈட்டிய கூலி ஓரிரவில் அழியும்.

இணையப் போக்கரைத் தமிழக அரசு 2023இல் தடுத்தது. அதனைத் திறனாட்டமென்று கூறிச் சென்னை உயர்முறைமன்றம் அவ்வாண்டே அத்தடையை நீக்கிற்று. இணையப் பணய ஆட்டம் அனைத்தையும் தடுக்கும் ஒன்றியச் சட்டம் 2025இல் இயற்றப்பட்டது.

திறன் இருக்கட்டும்! ஒருவன் வெல்ல மற்றொருவன் இழந்தே தீரும் ஆட்டத்தில் அத்திறன் எவன் வீட்டு அடுப்பை அணைக்கும்? வள்ளுவப் பேராசான் சூதைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வைத்தார். அது நோயென்று உணர்த்த வேறென்ன வேண்டும்?

தமிழ உறவோரே! சட்டம் வெளிப்பூட்டு, உள்ளத்தின் தாழை நாமே இடவேண்டும்.