சுண்ணாம்பில் வெந்த மக்காச்சோளம்

மெக்சிகோ சமையலுக்கு உயிர் மக்காச்சோளம். ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துக் காடுகளில் விளையும் அதே தானியம்தான். இங்கே பெரும்பகுதி கோழித் தீவனமாகிவிடுகிறது, அங்கே டார்ட்டியா என்னும் மெல்லிய ரொட்டியாகிறது. வித்தை சுண்ணாம்பில் இருக்கிறது. ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்குச் சுமார் 10 கிராம் நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிடுகிறார்கள். காலையில் விரலால் தேய்த்தால் மணியின் தோல் வழுவழுவென்று கழன்று வரும். நன்றாக அலசி, தண்ணீர் குறைத்து அரைத்தால் மாவு உதிராமல் திரளும். மணிக்குள் உடம்பில் சேராமல் பூட்டிக்கிடக்கும் நியாசின் சத்தும் இதனால்தான் விடுபடுகிறது. இம்முறை தெரியாமல் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஐரோப்பிய ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது.

அங்கே அரைக்கும் கல்லான மெட்டாட்டே நம் அம்மிக்கு உறவு. சுடும் கோமாலுக்குத் தோசைக்கல்லே போதும். தக்காளி, பச்சைமிளகாய், வெங்காயம், கொத்தமல்லியை நறுக்கி எலுமிச்சை பிழிந்தால் சல்சா. ஏற்காட்டு பட்டர் ஃப்ரூட்டை மசித்தால் குவாக்கமோலே. டார்ட்டியா மேல் நாமக்கல் முட்டையைப் பொரித்து வைத்து, காரமான தக்காளிச் சாறு ஊற்றினால் வேவோஸ் ராஞ்சேரோஸ். தட்டுவடை செட் தின்று வளர்ந்த சேலத்து நாக்குக்கு, மொறுமொறுவென்று பொரித்த டார்ட்டியாவான டோஸ்டாடா மேல் காயும் சட்னியும் வைப்பது புதிதே அல்ல. பாக்கெட் மாவுக்கும் சாஸ் பாட்டிலுக்கும் காசைக் கொட்டத் தேவையில்லை. பூஞ்சை படாத நல்ல மக்காச்சோளமாகப் பார்த்து வாங்குங்கள். சுட்டதும் சூடு ஆறுமுன் பக்கத்து வீட்டுக்கும் நாலு கொடுத்தனுப்புங்கள்.