சத்து முன்னால், சீனி பின்னால்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் ஒரு மளிகைக் கடையில் இந்த வாரம் காதில் விழுந்த பேச்சு இது. மால்ட் பானப் பொட்டலத்தைக் கையில் எடுத்த மாமியாரிடம் மருமகள், "வேணாம் அத்தே, சீனி ஜாஸ்தி" என்றார். மாமியார் பொட்டலத்தின் முன்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "வைட்டமின், கால்சியம்னு போட்டிருக்கு பாரும்மா. பிள்ளைக்குச் சத்துதானே?" பொட்டலம் கூடைக்குள் போனது.

அந்த அம்மாவை நாம் குறை சொல்லவில்லை. கொட்டை எழுத்தில் இருந்ததை அவர் நம்பினார். சீனியின் அளவு பின்பக்கத்தில், மூக்குக்கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில், கிராம் கணக்கில் கிடக்கிறது. வைட்டமின் இருப்பது பொய்யில்லை. ஆனால் ஒரு நல்லதைப் படித்ததும் கண் அடுத்ததைத் தேடுவதில்லை. இது விற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

2018-இல் மைலோ என்ற மால்ட் பானத் தூளில் சுமார் 40 விழுக்காடு சீனி என்று ஒரு காணொளி நாட்டையே கலக்கியது நினைவிருக்கும். தண்ணீரில் கலந்த கிளாஸைக் கணக்கில் எடுங்கள் என்றது அதைத் தயாரிக்கும் நெஸ்லே நிறுவனம். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்தது என்ன? அங்கே மைலோ டின்னில் ஆரோக்கியத்துக்கு 4.5 நட்சத்திரம் அச்சிட்டிருந்தார்கள். கொழுப்பு நீக்கிய பாலில் மூன்று கரண்டி தூள் கலந்தால் வரும் கணக்கு அது. தூளை மட்டும் மதிப்பிட்டால் 1.5 தான். கண்டனம் வலுக்கவே, மார்ச் மாதம் நெஸ்லே அந்த நட்சத்திரங்களை எடுத்துவிட்டது.

நம் ஊரில் யார் கொழுப்பு நீக்கிய பாலில் கலக்கிறார்கள்? பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களில் தூளோடு கெட்டிப்பால் சேருகிறது. ‘மைலோ டைனோசர்’ கேட்டால் மேலே இன்னும் இரண்டு கரண்டித் தூள். அந்தக் கிளாஸுக்கு எந்தப் பொட்டலத்திலும் கணக்கு இல்லை.

சுகாதார அமைச்சு 2017-இல் ‘ஆரோக்கியத் தேர்வு’ சின்னத்தைக் கொண்டுவந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் விரும்பும் நிறுவனம் மட்டுமே அதற்கு விண்ணப்பிக்கிறது. தகுதியில்லாத பொருள் தன் குறையை முன்பக்கத்தில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சிங்கப்பூர் 2022 டிசம்பர் 30 முதல் அந்தக் கட்டாயத்தையே கொண்டுவந்துவிட்டது. சீனியோ நிறைவுற்ற கொழுப்போ மிகுந்த பானங்கள் ‘சி’, ‘டி’ என்ற தரத்தை முன்பக்கத்திலேயே காட்ட வேண்டும். ‘டி’ பானத்துக்கு விளம்பரமே கிடையாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் முடிவது இங்கே ஏன் முடியாது?

2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. நம் வீடுகளில் ஊசி போடாத தாத்தாக்களைத் தேட வேண்டியிருக்கிறது.

இந்த நிலையில்தான் நம் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் இனிப்புப் பான லாரி வந்து நிற்கிறது. வெயிலில் ஓடி வந்த பிள்ளைக்கு நாமே வரிசை கட்டிக் கொடுக்கிறோம், இது தெம்பு தரும் என்று சொல்லி. அந்த வயதில் பதிந்த நம்பிக்கைதான் ஐம்பது வருடம் கழித்து மளிகைக் கடையில் பேசுகிறது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை மேசையிலும் இதே கதை. தமிழ்ப்பள்ளிகளைக் காப்போம் என்று மேடையில் முழங்குகிறோம். அங்கே படிக்கும் பிள்ளையின் உடம்பையும் சேர்த்துத்தான் காக்க வேண்டும்.

அமைச்சு சீனியின் அளவை முன்பக்கத்தில், தேக்கரண்டிக் கணக்கில், பெரிய எழுத்தில் போட வைக்கட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த போட்டிக்கு லாரியை அழைக்காதீர்கள். தண்ணீரும் வாழைப்பழமும் போதும்.