நோய்ப் படுக்கையும் நம் கடமையும்

புனிதர் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது யாது? தலையைச் சுற்றி ஒளிவட்டம், கையில் லீலி மலர், வானை நோக்கிய கண்கள்! பீடத்தின் மேல் சுரூபமாய் நிற்கும் அவர்களுக்கும், பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் நமக்கும் வெகுதூரம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் சரிதானா?

நம் தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலைகளைத் தாண்டினால் கேரளம். அங்கே கோட்டயத்தை அடுத்த குடமாளூரில் 1910 ஆகஸ்டு 19-ஆம் நாள் அன்னக்குட்டி பிறந்தாள். கைக்குழந்தையாய் இருந்தபோதே தாயை இழந்து, தாயின் சகோதரியிடம் வளர்ந்தாள். 1927-இல் பரணங்கானத்துக் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். அவரே புனித அல்போன்சா. 1932-இல் வாகக்காட்டுப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். உடல் நலிவால் அப்பணி நீடிக்கவில்லை. 1939-இல் நிமோனியாக் காய்ச்சல். 1940-இல் இரவில் திருடன் அறைக்குள் நுழைந்த அதிர்ச்சியில் நினைவே தடுமாறிற்று. 1946 ஜூலை 28-ஆம் நாள், தம் 35-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் பெரிய மருத்துவமனை கட்டவில்லை. தூரதேசம் சென்று போதிக்கவும் இல்லை. ஆயினும் 2008 அக்டோபர் 12-ஆம் நாள் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். இந்தியப் பெண்களுள் முதல் புனிதர் அவரே. அவருடைய கல்லறையை முதன்முதலில் நாடிச் சென்றவர்களுள் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர். சிரித்த முகத்துச் சகோதரியை அவர்கள் மறக்கவில்லை.

"அவர் துறவி, நாங்கள் சாதாரணப் பிள்ளைகள்" என்பீர்களோ? இத்தாலி நாட்டின் மிலான் நகரில் வளர்ந்த கார்லோ அக்குத்திஸ் கம்ப்யூட்டரை விரும்பிய பள்ளி மாணவர். இரத்தப் புற்றுநோயால் 2006-இல் இறந்தபோது அவருக்கு நம் வயதுதான், பதினைந்து! 2025 செப்டம்பர் 7-இல் அவரும் புனிதரானார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். நோய் தன்னிலே புனிதமன்று. காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகவேண்டும், வலித்தால் அழலாம். நோயைப் பாவத்தின் தண்டனை என்பதும் தவறு. பிறவிக் குருடனைக் காட்டிச் சீடர்கள் வினவியபோது, அவனுடைய பாவமுமன்று, பெற்றோரின் பாவமுமன்று என்றே ஆண்டவர் விடையளித்தார் அன்றோ? வலிக்கும் வேளையிலும் பிறர்மேல் கொண்ட அன்பு குறையாதிருப்பதே புனிதம். ஆனால் அது படுத்திருப்பவரின் கடமை மட்டும்தானா?

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒரு மாதம் அவள் பள்ளிக்கு வரவில்லை. காலைச் செபத்தில் நாள்தோறும் அவள் பெயரைச் சொன்னோம். ஆனால் அவளைப் பார்க்கப் போகவில்லை. சாரல் மழை, வீட்டுப்பாடம், பஸ் கிடைக்கவில்லை... காரணத்திற்கா பஞ்சம்? கடைசியில் ஒருநாள் போனோம். பாக்குத் தோப்பு நடுவே வீடு. கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, முதலில் எங்களுக்கு இளநீர் வெட்டித் தரும்படி தன் அப்பாவிடம் சொன்னாள். பிறகுதான், "சாயங்காலம் பஸ் சத்தம் கேக்கறப்பெல்லாம் நீங்க வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்" என்றாள். அக்குரலில் கோபம் சிறிதும் இல்லை. நாங்கள் தலை குனிந்தோம். அவள் தன் பங்கைச் செய்துவிட்டாள். எங்கள் பங்கு அப்படியே கிடந்தது. செபம் செய்த வாய்க்குக் கால்கள் துணைபோகவில்லையே!

அன்புத் தோழியரே! நம் இல்லங்களிலும் படுக்கையோடு கிடக்கும் அப்பத்தா இருக்கலாம். பல நாள் வகுப்புக்கு வராத தோழி இருக்கலாம். அருகே கால் மணி நேரம் அமர்வதும், விட்டுப்போன பாடத்தை நோட்டில் எழுதிக் கொடுப்பதும் சிறு செயல்களே. ஆனால் காத்திருப்பவருக்கு அவை சிறியவை அல்ல.

ஆண்டுதோறும் ஜூலை 28 புனித அல்போன்சாவின் திருநாள். நம் ஊரில் சாரல் காற்று வீசும் காலம் அது. அன்று பூசை முடிந்ததும் ஒவ்வொரு வகுப்பும் ஒரு நோயாளியின் வீட்டுக்குச் சென்றால் என்ன? மழையைக் காரணம் காட்டாமல், குடையை எடுத்துக்கொண்டு புறப்படுவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி