மழலையர் காலுக்கு எதற்கு ஷூ?

எல்.கே.ஜி. பிள்ளைக்கும் ஷூ கட்டாயம் என்கின்றன பல பள்ளிகள். 26 எலும்புகள் கொண்ட பாதம் சும்மா கிடக்கும் உறுப்பல்ல. தரையில் ஊன்றும்போது அதன் உள்வளைவு சற்றுத் தாழ்ந்து அதிர்வை வாங்கிக்கொள்கிறது. குதிகால் எழும்போது பெருவிரல் மேல்நோக்கி வளைந்து அடிப்பாத நார்ப்பட்டையை இழுக்க, வளைவு உயர்ந்து, பாதம் விறைத்து, உடலை முன்னே தள்ளுகிறது. விரலை நெரிக்கும் ஷூவுக்குள் இது எப்படி ஒழுங்காக நடக்கும்? 1992இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு 2,300 குழந்தைகளின் பாதத்தடங்களைப் பார்த்தது. காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம், அணியாதவர்களில் 2.8 சதவீதம்தான். முள்ளும் கண்ணாடியும் கிடக்கும் தெருவில் செருப்பு வேண்டும். வகுப்பறைக்குள் வெறுங்கால் போதும். பள்ளிகள் அந்த விதியைக் கைவிடட்டும்.