தூரிகை இலவசம், கார்டு யானை விலை

அபிராமபுரத்து வீடுகளில் கணினியில் முப்பரிமாணச் சித்திரம் தீட்டும் பிள்ளைகள் இன்று உளர். அதற்கான ‘பிளெண்டர்’ மென்பொருள் இலவசம். காசு கரைவது ஒளி நிழலைக் கணக்கிடும் கிராபிக்ஸ் கார்டில்தான். என்விடியாவின் உச்சரகக் கார்டு 2022இல் 1,599 டாலர். 2025இல் வந்த அடுத்ததோ 1,999 டாலர். இங்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு! 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்ள, ரேம் விலையும் எகிறிற்று.

பிள்ளையின் கலையை வீண்செலவென ஏசுவது முறையன்று. அதற்காக வட்டித் தவணையில் சிக்குவதும் ஆகாது. கார்டின்றிப் ப்ராசஸரே அப்படத்தைத் தீட்டித் தரும், நேரந்தான் கூடும். இரவில் ஓடவிட்டுக் காலையில் பார்க்கலாம். ரிச்சி தெருவில் பழைய கார்டு வாங்குவோர், கிரிப்டோ நாணயத்துக்காக இராப்பகலாய் ஓடித் தேய்ந்ததா என வினவி, இயக்கிக் காட்டிய பின்னரே பணத்தை எடுங்கள்.