ஓசையும் ஆராய்ச்சியும்

விஞ்ஞானம் என்றதும் நம்மிற் பலருக்குக் கண்ணாடிக் குழாயும் வெள்ளை அங்கியுமே நினைவுக்கு வருகின்றன. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற மாதம் பெங்களூரில் ஒரு பழைய பிக்கப் வண்டியின் அடியில் மல்லாந்து கிடந்தபோதுதான் அந்த எண்ணம் மாறியது.

வண்டி என் நண்பரின் தந்தையாருடையது. வயது 14. விடியுமுன் கே.ஆர். மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி வருவது அது. அக்குடும்பத்துக்குச் சோறு போடுவதும் அதுவே. கொஞ்ச நாட்களாக, புறப்படும்போதெல்லாம் அடியில் 'டணக்' என்று ஓர் ஓசை. ஒரு பட்டறையில் காட்டினார்கள். அங்கிருந்தவர் நடுத்தண்டைக் கையால் சற்றே திருகி, "ஆடுகிறது பாருங்கள்; டிபரென்ஷியலையே மாற்ற வேண்டும்" என்று தீர்ப்பளித்தார். செலவு 35,000 ரூபாய். கடன் வாங்கவும் தயாராகிவிட்டார் அந்தப் பெரியவர்.

நல்ல வேளையாக, வேறொரு மெக்கானிக்கையும் கேட்டோம். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. "தம்பி, சத்தம் எப்போ வருது?" என்றார். கிளட்சை விடும்போதும், முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் ஒரே ஒரு அடி என்றோம். மேடு பள்ளத்தில் வருகிறதா? இல்லை. அப்படியானால் பட்டையையும் அதன் புஷ்ஷையும் தள்ளிவிடலாம். ஓட்டத்தில் ஊளையிடுகிறதா? இல்லை. டிபரென்ஷியலின் மேல் சந்தேகம் குறைந்தது. வேகம் ஏற ஏற அதிர்கிறதா? கொஞ்சம். அவர் முகம் மலர்ந்தது.

என்ஜினை அணைத்துச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார். தண்டின் இணைப்பில் இருபுறமும் பிடித்து எதிரெதிராகத் திருகினார். ஒருபுறம் அசைய, மறுபுறம் நின்றது. இணைப்பின் ஓரத்தில் செந்நிறத் துருப்பொடி. கிரீஸ் வற்றித் தேய்ந்துபோன 'கிராஸ்' அது! விசை திசை மாறும்போதெல்லாம் தேய்மான இடைவெளி சட்டென மூடி, இரும்போடு இரும்பு மோதியது. அப்படியே விட்டிருந்தால் ஓட்டத்தில் முறிந்து, தண்டே கழன்று சாலையில் விழுந்திருக்கும். சீர்செய்ய ஆன செலவு 1,800 ரூபாய்.

முதலாமவர் கண்ட ஆட்டமும் பொய்யன்று. டிபரென்ஷியலின் பற்களிடையே சிறிது இடைவெளி இருந்தே தீரவேண்டும். ஆகவே நல்ல வண்டியிலும் தண்டு கொஞ்சம் திரும்பும். அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. கேள்விக்கு முன்பே விடையை வைத்திருந்தார், அவ்வளவுதான்.

நண்பர்களே, நம்மையும் பிடித்துள்ள நோய் இதுவன்றோ? சோதனை தவறினால் கருவியைக் குறை கூறுகிறோம். புதியது வாங்கித் தரச் சொல்கிறோம். ஒவ்வொரு காரணமாகத் தள்ளி, எஞ்சியதைக் கையால் தொட்டுச் சரிபார்க்கும் பொறுமை நமக்கில்லை. பட்டம் பெறாத அந்த மனிதரிடம் அது இருந்தது. அவரை 'மெக்கானிக்தானே' என்று நாம் எண்ணுவோமானால், நஷ்டம் அவருக்கல்ல.

அடுத்த முறை வண்டி ஓசையிட்டால், பணத்தை எடுக்குமுன் ஒரு தாளை எடுங்கள். எப்போது, எந்தக் கியரில், எந்த வேகத்தில் என்று எழுதுங்கள். பாதி நோய் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.